ஒன்பது மில்லிமீட்டர்

அந்தப் பழைய அளவு அட்டையைக் கொஞ்சம் பைக்குள்ள வச்சிடுங்க டாக்டரம்மா. திரும்பவும் என் பொண்ணு கண்ணுல பட வேணாம். நீங்க அதைக் கையில வச்சிக்கினு ஜீப்பை விட்டு எறங்கினதும் அவ மூஞ்சியைப் பார்த்தீங்கல்ல? ஒரு மாசமா அந்த மூஞ்சியில நான் சிரிப்பே பார்க்கலை. "பதினாறு வருஷம் கழிச்சும் என் ஒன்பதைத் தேடிக்கினு வர்றாங்க பாரும்மா"ன்னுட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கினா. தாப்பா போடுறதுக்கு எவ்ளோ நேரம் தடவினா, சத்தம் கேட்டுதா உங்களுக்கு? அந்தச் சோத்துக்கையி மோதிர வெரலும் சுண்டு வெரலும் மடங்கிக்கினு நிமிர மாட்டேங்குது. இருந்தும் தனக்கு ஒண்ணும் இல்லன்றா.

இப்படி உக்காருங்க. அந்தத் துணி மூட்டையைத் தள்ளிட்டு உக்காருங்க, வெளுத்த துணிதான், அழுக்கு இல்ல. எங்க ஊட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டாண்ட இஸ்திரி போடப் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு. அவரு இல்லாததும் நல்லதுதான்.

நீங்க வாசல்ல சொன்னது என் காதுல வுழுந்துது. நரம்பு வீங்கியிருக்குது, இன்னைக்கே வந்து ஆஸ்பத்திரியில படுத்து மாத்திரை ஆரம்பிச்சா வெரலு நிமிர்றதுக்கு வழி இருக்குது, தள்ளிப் போட்டா அப்படியே நின்னு பூடும். அதானே? ஜீப்பும் நிக்குது, டிரைவரும் இருக்காரு. ஏத்திக்கினு போவ வேண்டியதுதான் பாக்கி. ஆனா அவ வரணுமே. இங்க வந்ததும் நான் இழுத்துக்கினு போயி காட்டினப்போ, காதைக் கீறிப் பார்த்து நெறைய கிருமி இருக்குதுன்னு எழுதிக் குடுத்த சீட்டைக் கிழிச்சிப் போட்டவ அவ. வேற எவளோட காதையோ பார்த்து எழுதிட்டாங்கன்றா.

ஒண்ணு பண்ணுங்க. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பா. அந்த அளவு தப்புன்னு சொல்லிடுங்க. அன்னைக்கு அளந்தாரே ரத்தினசபாபதி சாரு, அவரு தப்பா அளந்துட்டாரு, ஸ்கேலு சரியில்ல, கண்ணு சரியில்ல, ஏதோ ஒண்ணு. மனுசன் செத்துப் பூட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க. பூட்டவரு மேல ஒரு பழியைப் போட்டா அவருக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது? எனக்கும் அவரு மேல கோவம்தான். ஒரு கையை ஒழுங்கா அளக்கத் தெரியாத ஆளை அனுப்பி வச்சி, எங்க குடியையே...

முடியாதுன்றீங்க.

அவரு மூவாயிரம் கையி அளந்தாரா. ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்புன்னு ஆயிடுமா. அவரு அளந்து எழுதின புஸ்தகத்தை வச்சித்தான் அந்தத் தடுப்பூசி வேலை செஞ்சுதா இல்லையான்னு இன்னும் பார்த்துக்கினு இருக்கீங்களா. சரி. அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா? ஒன்பது வந்த பொண்ணுக்கு இப்படிப்பட்ட வியாதி வரக்கூடாதே, எப்படி வந்துதுன்னு பார்க்க? நான்கூட எங்க அம்சாவைப் பார்க்க வந்தீங்கன்னு நெனைச்சேன்.

கோவிச்சுக்காதீங்க. வாய் அப்படி.

இன்னா கேட்டீங்க? அன்னைக்கு ஊசி போட்ட எடத்துல ஏதாவது போட்டோமான்னா? இன்னாத்தைப் போடப் போறேன். நீங்க ஊசி போட்டீங்க, நீங்க அளந்தீங்க. தண்ணிகூடப் படாம பார்த்துக்கினேன்.

தண்ணி குடிங்க. கெணத்துத் தண்ணி, நல்லா இருக்கும்.

அந்த வருஷம் மாசி மாசம் டாக்டரம்மா. ஊட்டுக்காரருக்குப் பெரிய வியாதி, நீங்க தொழுநோய்ன்றீங்களே, அதுன்னு தெரிஞ்சி ஒரு வருஷம் ஆயிருந்துது. காது தடிச்சி, பாதம் மரத்து, துணி தொவைக்கிற கல்லுல கால் கிழிஞ்சி ரத்தம் ஓடினாலும் மனுசனுக்குத் தெரியாது. ரெண்டு ஊரு தள்ளிப் போயி ஒரு புளியமரத்தடியில நின்னு மாத்திரை வாங்கிக்கினு வருவாரு. ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னா ஆவும்? நாங்க ஊருக்குத் துணி வெளுக்கிறவங்க. பொறந்த கொழந்தையோட துணியில இருந்து செத்தவங்களோட துணி வரைக்கும் எங்க கையிலதான் வரும். இந்த வியாதிக்காரன் தொட்ட துணியை எவன் கட்டுவான்? யோசிச்சிப் பாருங்க.

அந்த நேரத்துலதான் உங்க ஜீப்பு வந்துது. ஏரிக்கரையில நிறுத்துங்க, நாங்களே வர்றோம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டாங்களா? நேரா எங்க ஊட்டு வாசல்லயே வந்து நின்னுது. யானைக்காலுக்கு ரத்தம் எடுக்க வந்தாங்கன்னு தெருவுக்கெல்லாம் சொல்லிச் சமாளிச்சேன். நரைச்ச மீசை வச்ச ஒரு பெரிய டாக்டரு வந்தாரு. நல்ல மனுசன், தரையிலயே உக்காந்தாரு. வியாதிக்காரங்க ஊட்டுப் பசங்களுக்கெல்லாம் கையில ஒரு ஊசி, நாலு வாரம் கழிச்சி வந்து அளப்போம்னாரு. எதுக்குன்னு கேட்டேன். நல்லாத்தான் சொன்னாரு, கொறை சொல்ல மாட்டேன். "ஊசியில இருக்கிறது செத்துப்போன கிருமிம்மா, ஒண்ணும் பண்ணாது. திருடன் சட்டையை நாய்க்கு முன்னால போட்டா, அவனைத் தெரிஞ்ச நாயா இருந்தா குரைக்கும். கை தடிச்சா உடம்பு குரைக்குதுன்னு அர்த்தம். தடிக்கலைன்னா அதுக்குத் திருடனைத் தெரியலை. அப்போ நாங்க தடுப்பூசி போட்டுக் கத்துக் குடுப்போம்."

இவ்ளோ சொன்னாரு. இதுக்கு மேலயும் சொன்னாரு. பாதி பேருக்கு மருந்து, பாதி பேருக்கு வெறும் உப்புத் தண்ணி, எது எதுன்னு போடுறவங்களுக்கே தெரியாது, ஊட்டுக்கு ஒரு எழுத்து, அந்த எழுத்து ஒட்டின சீசாதான் அந்த ஊட்டுல எல்லாருக்கும்னாரு. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். ஆனா என் காதுல நின்னது ஒண்ணே ஒண்ணுதான். தடிச்சா நல்லது.

தடிக்கலைன்னா இன்னா ஆவும்னு ராவும் பகலும் யோசிச்சேன். பட்டியல்ல பேரு ஏறும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ஜீப்பு வரும். எத்தினி தரம் யானைக்கால்னு சொல்றது? அந்தத் தடுப்பூசி போட்ட எடம் வேற புண்ணாகிப் பெரிய தழும்பா நிக்கும்னு சொன்னாங்க. அவளுக்குப் பத்து வயசு. நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும். பையன் தணிகாசலத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்ல, எட்டு வயசு, ஆம்பளப் பையன், தழும்பு இருந்தா எவன் கேக்கப் போறான்? கவலையெல்லாம் இவளைப் பத்தித்தான்.

ஊசி போட்டு இருபத்தஞ்சாம் நாளு ரெண்டு பேரு கையையும் தடவிப் பார்க்கிறேன். வழுவழுன்னு இருக்குது. ஒரு அரிசி அளவுகூட மேடு இல்ல. இன்னும் மூணு நாள்ல அளக்கிறவரு வந்துடுவாரு.

நீங்க டவுனு. உங்களுக்குச் சேங்கொட்டை தெரியுமோ என்னவோ. துணிக்குக் குறி போடுற கொட்டை. ஊரு துணியெல்லாம் ஒண்ணாப் போட்டு வெளுக்கிறோமே, எது யாருதுன்னு எப்படித் தெரியும்? அந்தக் கொட்டையில ஊசியைக் குத்தி எடுத்தா கறுப்பா ஒரு பாலு வரும். அதால துணி ஓரத்துல ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, ஒரு கோடு. எத்தினி வெள்ளாவி வச்சாலும் போவாது. மேலத் தெரு மணியக்காரரு ஊட்டுக்கு மூணு புள்ளி, இன்னைக்கும் அதான். ஆனா தோலு மேல பட்டுதுன்னா வெந்துடும். கொப்புளிச்சிக்கினு தடிக்கும். எங்க கையெல்லாம் பட்டுப் பட்டுப் பழகிப் போனது.

இன்னா அப்படிப் பார்க்கிறீங்க? கொழந்தை கையில அப்படியே வைப்பேனா? நல்லெண்ணெயில கலந்துதான் வச்சேன். ஊசி போட்ட எடத்துல ஒரே ஒரு புள்ளி. மறுநா இன்னொண்ணு. அழுதா. "பாஸ் ஆவணுமா வேணாமா?"ன்னு கேட்டேன். ஆவணும்னு பல்லைக் கடிச்சிக்கினு உக்காந்தா. படிப்புல கெட்டி அவ, பாஸுன்னா உசுரு.

தம்பிக்குன்னு கேக்குறீங்களா? வைக்கலை. அவன் கத்தினா தெருவே கூடிடும். அவனை விட்டுட்டேன்.

ரத்தினசபாபதி சாரு வந்தாரு. அவரு அளக்கிறதே ஒரு அழகு. பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, தோலு மேல மெதுவா, எறும்பு போற மாதிரி நகர்த்திக்கினு வருவாரு. மேடு வந்த எடத்துல பேனா நின்னுடும். அங்க நிறுத்தி, அந்தப் பக்கத்துல இருந்தும் அதே மாதிரி வந்து, நடுவுல ஸ்கேலு வைப்பாரு. இவ கையில பேனா நின்னுது. சாரு குனிஞ்சி பார்த்தாரு. நடுவுல புண்ணாட்டம் இருக்குதேன்னு, "சொறிஞ்சியா பாப்பா?"ன்னு கேட்டாரு. நான் பின்னால நின்னுக்கினு அவ முதுகைக் கிள்ளினேன். "இல்ல சார்"ன்னா. நல்லாத் தடிச்சா சில பேருக்கு நடுவுல உடையும்னு அவரே சொல்லிக்கினு, புஸ்தகத்துலயும் அவளுக்குக் குடுத்த அட்டையிலயும் ஒன்பது மில்லிமீட்டர்னு எழுதினாரு. எழுதிட்டு அவ தலையில கை வச்சி, "கெட்டிக்காரப் பொண்ணு, உனக்கு ஒண்ணும் வராது போ"ன்னாரு. அந்த வார்த்தையை அவ எந்தச் சாமி பேரையும்விட அதிகமா சொல்லியிருப்பா டாக்டரம்மா.

தணிகாசலத்துக்கு ஒண்ணும் இல்ல. முட்டை போட்டாரு. அக்கா பாஸு, நான் பெயிலான்னு அவன் ரெண்டு நாளு சோறு திங்கலை. அவனுக்குத் தடுப்பூசி போட்டாங்க, ஆறு மாசம் கழிச்சி இன்னொண்ணு. புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆச்சு. அந்தத் தழும்பைக் காட்டி என்னை இன்னும் திட்டுவான். ஒரகடத்துல கம்பெனி வேலை, கல்லாட்டம் இருக்கான். அப்பால அவனுக்குத் திரும்ப அளந்தப்போ ஏழு வந்துதுன்னு சொன்னாங்க. தானா வந்த ஏழு.

ஆமா, தானா.

கொஞ்சம் இருங்க. அழுவலை, கண்ணு எரியுது. காலையில துணிக்குச் சோடாப்பு போட்டேன்.

இத்தினி வருஷமா நான் இன்னா நெனைச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? நான் புதுசா எதையும் போடலை, உள்ள இருந்ததைத்தான் கொஞ்சம் தூண்டி வெளிய கொண்டாந்தேன், அவ்ளோதான்னு. அவ அந்த அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிக்கினா. கல்யாணம் பேசினப்போ எங்க ஊட்டுக்காரரு சங்கதி எப்படியோ மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சி பூட்டுது. எவ்ளோ தைரியமா அந்த அட்டையை எடுத்து நீட்டினா தெரியுமா? "எங்கப்பாவுக்கு வந்தது எனக்கு வராதுங்க, அளந்து பார்த்திருக்காங்க"ன்னா. கல்யாணமே அந்த ஒன்பதை நம்பித்தான் நடந்துது.

நாலு வருஷத்துக்கு முன்னால புருவம் உதிர்ந்துது. காது மடலு மினுமினுன்னு ஆச்சு. எனக்குத் தெரியாதா அந்த மினுமினுப்பு? கட்டினவரு மூஞ்சியில பார்த்தவ நான். "ஒரு தரம் காட்டிடலாண்டி"ன்னேன். "எனக்கா? எனக்கு ஒன்பதும்மா"ன்னு கையைத் திருப்பி அந்தத் தழும்பைக் காட்டினா. நான் போட்ட தழும்பு. அதைப் பார்த்ததும் எனக்கும் மனசு ஆறிப் போச்சு. அதுதான் அசிங்கம் டாக்டரம்மா. நானே போட்டதை நானே நம்பினேன். நாலு வருஷம் நம்பினேன்.

போன மாசம் கொழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட வரலை அவளுக்கு. மூணு வயசுப் பொண்ணு. மாமியாக்காரி பார்த்துக்கினே இருந்துட்டு, கொழந்தையை வாங்கி வச்சிக்கினு இவளை அனுப்பிட்டா. பஸ்ஸுல தனியா வந்து எறங்கினா. கையில அந்த அட்டை. அதைப் பார்த்தும் அனுப்பிட்டாங்கம்மான்னு அதிசயமா சொல்றா.

அவளுக்கு அது சாமி படம். உங்களுக்குப் புரியுதா? நீங்க சொல்றதை அவ நம்பணும்னா முதல்ல அந்தப் படம் உடையணும்.

உங்க பெரிய டாக்டரு அன்னைக்கே தெளிவா சொன்னாரு. நாய் குரைச்சா நல்லது, குரைக்கலைன்னா சொல்லிக் குடுப்போம்னாரு. எங்க நாய் குரைக்கலை. நான் அதைக் கிள்ளிக் குரைக்க வச்சேன். ஊடு பத்திரமா இருக்குதுன்னு நெனைச்சி எல்லாரும் போய்ப் படுத்துட்டோம்.

வேற யாருக்கும் நான் சொல்லித் தரலை, சத்தியமா. சொன்னா எங்க ஊட்டு வியாதி வெளிய வந்துடாதா? உங்க புஸ்தகத்துல இந்த ஒண்ணுதான் பொய்யி. ரத்தினசபாபதி சாரு மேல ஒரு தப்பும் இல்ல. அவரு இருந்ததைத்தான் அளந்தாரு. அதை எழுதிக்குங்க.

ஒண்ணு கேக்கட்டுமா? ஊட்டுக்கு ஒரே எழுத்துதானே? அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே சீசாதானே வந்திருக்கும்? எந்த எழுத்து எதுன்னு எழுதி வச்ச சீட்டையெல்லாம் பிரிச்சிப் பார்த்தாச்சுன்னு சொன்னீங்களே, எங்க ஊட்டுது மருந்தா, உப்புத் தண்ணியா?

வேணாம். சொல்லாதீங்க. ஏழு வந்துதே அவனுக்கு, அதுலயே தெரியுது மருந்துதான்னு.

போட்டிருந்தாலும் நிச்சயமா காப்பாத்தியிருக்கும்னு சொல்ல முடியாதுன்றீங்க. போட்டவங்கள்லயும் சில பேருக்கு வந்திருக்குதுன்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அதை நான் ராத்திரிக்கு வச்சிக்கினு இன்னா பண்றது?

நீங்க போயி அவகிட்ட சொல்லுங்களேன். நான் இப்படி அடுப்பாண்ட போயி நின்னுக்குறேன். சேங்கொட்டைன்னு மட்டும் சொல்லுங்க, அவளுக்கே புரிஞ்சிடும். அந்த எரிச்சலு அவளுக்கு மறந்திருக்காது.

ஏன் தலையாட்டுறீங்க? நீங்க சொன்னா அதையும் பொய்யின்னுடுவாளா. ஆமா. நான் சொன்னாத்தான் நம்புவா. அன்னைக்கும் நான் சொல்லித்தானே கையை நீட்டினா.

எனக்கு பயமா இருக்குது டாக்டரம்மா. ஊரு சிரிக்கும்னு இல்ல. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும், துணி குடுக்கலைன்னா போவட்டும். அவ மூஞ்சியைப் பார்க்கணுமே. புருசன் ஊட்டுல தொரத்திட்டாங்க, கொழந்தையைப் புடுங்கிக்கினாங்க, கையி போவுது. மிச்சம் இருக்கிறது அந்த ஒன்பதும் நானும்தான். இப்போ ரெண்டையும் அவகிட்ட இருந்து நானே எடுத்துடணும்.

கை நிமிரும்னு சொன்னீங்கல்ல? திரும்ப ஒரு தரம் சொல்லுங்க. நிமிரலாம்னா? சரி. அந்த "லாம்" போதும்.

எழுந்திரிக்கிறேன், ஒரு கை குடுங்க. முட்டி புடிச்சிக்கிச்சு. நீங்க பின்னாலயே நில்லுங்க, முன்னால வராதீங்க.

அம்சா. அம்சவேணி. கதவைத் தொறடி. டாக்டரம்மா உன் அட்டையைப் பார்க்க வரலை, உன்னைக் கூட்டிக்கினு போவ வந்திருக்காங்க. இங்க பாரு, நான் சொல்றதைக் கேளு. அந்த ஒன்பது உனக்கு வந்தது இல்லடி. நான் வச்சது. நீ அழுதியே, பல்லைக் கடிச்சிக்கினியே, நெனப்பு இருக்குதா? அந்தக் கொட்டைதான் அது. உனக்குத் தடிப்பு ஒண்ணுமே வரலை. தம்பிக்கு வராத மாதிரியே உனக்கும் வரலை. சாரு பாவம், அம்மா வச்ச குறியை அளந்துட்டுப் போனாரு. தம்பிக்குப் போட்ட தடுப்பூசி உனக்கும் போட்டிருக்கணும். போட விடாம பண்ணது நான். உங்கப்பா இல்ல, டாக்டரு இல்ல, நான். உனக்கு வந்திருக்கிறது வியாதிதான். மாத்திரை இருக்குது. கையி நிமிருமாம். என்னை இன்னா வேணா பண்ணு, அப்பால பண்ணு. இப்போ ஜீப்புல ஏறு.

கேக்குதா?

கதவாண்டதான் நிக்கிறா டாக்டரம்மா. மூச்சு கேக்குது. அழுவலை.

தாப்பாவைத் தொடுறா. சத்தம் கேக்குதா? இழுக்குறா. வழுக்குது. வெரலு மடங்கினா எப்படிப் புடிக்க வரும்? திரும்ப இழுக்குறா.

எடது கையால இழு கண்ணு. எடது கையால.